கம்ப்யூட்டர் சொன்ன இருபத்தாறு நாள்

என் மனைவியை ஒரு தடவை கொன்றிருக்கிறேன். வாயால்தான். அதற்கு இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

தொண்ணூறுகளில் மலேசியாவில், கிள்ளானில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, இருந்தது. காலில் புண் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தேன். பிரிக்பீல்ட்ஸில் மூத்த மகள் கல்யாணம். பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

வார்டுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். நம்ம தமிழ்ப் பிள்ளைதான். வயது, எத்தனை வருஷ வியாதி, வீட்டில் யார் யார் என்று கேட்டு எழுதுவாள். முன்பு படுத்தவர்களின் விவரத்தோடு அதைக் கம்ப்யூட்டரில் போட்டால், யார் எத்தனை நாள் படுப்பார்கள் என்று சொல்லிவிடுமாம். பக்கத்துக் கட்டில் சீனருக்கு ஒன்பது என்றாள். ஒன்பதாம் நாள் அவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் புரிந்துகொண்டது இதுதான்: கம்ப்யூட்டர் உத்தரவு போடுகிறது, டாக்டர் கையெழுத்துப் போடுகிறார். (ஆறாம் வகுப்புக்காரனுக்கு அதுக்கு மேல என்ன ஏறும்?)

"வீட்டுல உங்களப் பாத்துக்க யாரு இருக்காங்க, அங்கிள்?"

யோசித்தேன். எங்கள் லோரி முதலாளி, வீட்டில் ஆளில்லாதவனுக்குத்தான் முதலில் லீவு கொடுப்பார். கம்ப்யூட்டரும் அப்படித்தான் சீக்கிரம் விட்டுவிடும் என்று கணக்குப் போட்டேன்.

"யாரும் இல்லம்மா. பொண்டாட்டி செத்துட்டா."

அவள் முகம் வாடிவிட்டது. பிள்ளைகளும் கிடையாது என்று சேர்த்துக்கொண்டேன். வயதிலும் எட்டைக் குறைத்தேன். (பொய்யில என்ன கஞ்சத்தனம்?)

மறுநாள் வந்து இருபத்தாறு நாள் என்றாள். பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர்களை ஆஸ்பத்திரி லேசில் அனுப்பாதாம். வீட்டில் புண்ணுக்கு யார் மருந்து வைப்பது? நான் கட்டிலைவிட்டு இறங்கிவிட்டேன். அந்தக் கம்ப்யூட்டரை இங்கே கொண்டு வா, நான் பேசிக்கொள்கிறேன் என்றேன்.

அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டுக் கேரியரோடு லெட்சுமி வந்து நின்றாள். யார் என்று அந்தப் பெண் கேட்டாள்.

"அவரோட வீட்டுக்காரி லா."

பெண் தாளைப் பார்த்தாள். லெட்சுமியைப் பார்த்தாள். எழுதியதைப் படித்தும் காட்டினாள். வார்டே சிரித்தது. லெட்சுமி சிரிக்கவில்லை. கேரியரை எதிர்க் கட்டில்காரரிடம் கொடுத்தாள்.

"செத்தவ சமைச்சத நீங்க சாப்பிடக் கூடாது."

உண்மையைச் சொல்லி மறுபடி போட்டும் பதினெட்டுதான் வந்தது. பிறகுதான் டாக்டர் சொன்னார், அது வெறும் கணிப்பு, உத்தரவு இல்லை என்று. முதலிலேயே தன்னிடம் கேட்டிருக்கலாமாம். காலில் கட்டோடு கல்யாணத்துக்கு அரை நாள் போய்வர விட்டார்.

மணவறையில் மகளைத் தாரை வார்த்துக் கொடுக்கும் நேரம். மனைவிதான் தண்ணீர் ஊற்ற வேண்டும். லெட்சுமி செம்பைச் சாய்க்கவே இல்லை. ஐயர் பார்க்கிறார். மாப்பிள்ளை வீட்டார் பார்க்கிறார்கள்.

"நான் உசுரோட இருக்கேனா?" என்றாள் மெதுவாக.

"இருக்க."

"சத்தமா."

"நீ உசுரோடதான் இருக்க." ஐயரின் மைக்கில் மண்டபம் முழுக்கக் கேட்டது. தண்ணீர் விழுந்தது.

கல்யாண வீடியோவில் அது அப்படியே இருக்கிறது. தீபாவளிக்குத் தீபாவளி பேரப்பிள்ளைகள் போட்டுப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கம்ப்யூட்டர் முதலில் இருபத்தாறு என்றது, அப்புறம் பதினெட்டு என்றது. பன்னிரண்டாம் நாள் நான் மணவறையில் உட்கார்ந்திருந்தேன்.