பாராபென் பாவாவின் சந்தன டப்பா

திருத்தணியில் வெயிலுக்குப் பயப்படாதவர்கள் உண்டு, வட்டிக்காரனுக்குப் பயப்படாதவர்கள்கூட உண்டு. ஆனால் எங்கள் தெருவில் பாராபென் பாவாவுக்குப் பயப்படாமல் ஒரு முகக் கிரீம் வாங்கியவர் ஒருவரும் கிடையாது. சத்தியம் பண்ணிச் சொல்வேன். அந்தக் கிரீமை விற்க உட்கார்ந்திருந்தவளே நான்தான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற தெருவில் என் பேன்சி ஸ்டோர். எதிர்க்கடை அவனுடையது, செல்போன் சர்வீஸ். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அது அவன் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். கூடப் படித்த நெசவுக்காரப் பையன்கள் தெலுங்கில் முறை வைத்து ‘பாவா’, அதாவது மச்சான் என்று கூப்பிட, தெருவே அதைப் பிடித்துக்கொண்டது. தெருக்கோடிக் கிழவிகூட அவனைப் பாவா என்பாள், அவள் புருஷன் கோபித்துக்கொண்டதில்லை. ‘பாராபென்’ பட்டம் பிறகு வந்தது. அதைக் கொடுத்தவள் அடியேன்.

பாராபென் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கிரீம், ஷாம்பு, சில இருமல் மருந்து என்று தண்ணீர் கலந்த சாமான்களில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கத் துளியூண்டு சேர்க்கிற சரக்கு அது. ஊறுகாய்க்கு உப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். டப்பாவின் பின்பக்கம், எறும்புக்கு மட்டும் தெரிகிற எழுத்தில், மீதைல் பாராபென், புரோபைல் பாராபென் என்று போட்டிருக்கும். இத்தனை வருஷம் கடை நடத்திய நான் ஒரு நாளாவது டப்பாவைத் திருப்பிப் பார்த்திருப்பேனா? பாவா பார்த்தான்.

பார்க்க அவனிடம் கருவியும் இருந்தது. செல்போனுக்குள் இருக்கிற கடுகளவு சாமானைப் பார்ப்பதற்கு நெற்றியில் மாட்டிக்கொள்கிற லென்ஸ். அவன் போனில் ஒரு வீடியோ வந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட ஒருத்தர், பாராபென் உடம்பையே குழப்பிவிடும், பிள்ளை தங்காது என்றெல்லாம் அளந்துவிட்டார். அவர் டாக்டரா, நாடகத்துக்கு வேஷம் கட்டினவரா, யாருக்குத் தெரியும்? அன்றிலிருந்து பாவா லென்ஸை மாட்டிக்கொண்டு என் கடைக்குக் குடிவந்துவிட்டான்.

ஒரு நாள் அரக்கோணம் ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண் என்னிடம் கிரீம் கேட்டாள். நான் எடுத்துக் கொடுப்பதற்குள் குறுக்கே ஒரு கை நீண்டது.

“ஒரு நிமிசம்மா. அத்த இப்டி குடு.”

“யாருண்ணா நீங்க?”

“நான் யாருன்றதா முக்கியம்? இதுல இன்னா கீதுன்றதுதான் முக்கியம். இதோ பாரு, கடைசி வரிக்கு மேல் வரி. பாராபென்!”

“அப்டின்னா?”

“எமன்.”

அந்தப் பெண் ஓடினாள் பாருங்கள், ரயிலுக்காக ஓடினாளா எமனுக்காக ஓடினாளா தெரியவில்லை. எனக்கு வந்ததே ஆத்திரம்!

“டேய், உனுக்கு நான் இன்னாடா பாவம் பண்ணேன்? காலைலருந்து போணியே ஆவல!”

“உன் நல்லதுக்குதாங்கா சொல்லிகினு கீறேன்.”

“என் நல்லதுக்குத்தான் என் கடைய மூட வெக்கிறியா? எழுந்து போடா பாராபென் பாவா!”

பட்டம் பிறந்தது இப்படித்தான். அவனுக்கு அதில் ரொம்பப் பெருமை. கடைப் பலகையில் எழுதிப் போடாததுதான் பாக்கி.

அவனுக்குப் பெண் பார்க்க அம்மையார்குப்பத்துக்கு நானும்தான் போனேன். பஜ்ஜி, கேசரி எல்லாம் முறையாக வந்தது. பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று பெரியவர்கள் கேட்டதும் இவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “மூஞ்சிக்கு இன்னா கிரீம் போடறாங்கோ? டப்பாவ கொஞ்சம் பாக்கலாமா?” என்றான். எனக்குக் கேசரி தொண்டையில் அடைத்துக்கொண்டது. அந்தப் பெண் லேசுப்பட்டவளா? “எடுத்தாரேன். அதுக்குள்ள நீங்க தலைக்கு அடிச்சிகினு வந்த டை பாக்கெட்ட படிச்சி வெய்ங்க” என்றாளே பார்க்கலாம்! சம்பந்தம் அதோடு நின்றது. வீட்டுக்குப் போய்ப் பாக்கெட்டைத் தேடிப் படித்திருக்கிறான். அதற்கப்புறம் டையைத் தொடவில்லை, இரண்டு மாசத்தில் தலை பாதி நரைத்திருந்தது.

பிறகு சொந்தத் தயாரிப்பில் இறங்கினான். பூந்திக்கொட்டையும் சீயக்காயும் கொதிக்க வைத்து, வடிகட்டி, பாட்டிலில் இறுக்கி மூடி, தெருவில் வீட்டுக்கு ஒன்று இலவசமாகக் கொடுத்தான். எங்கள் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியாதது அல்ல. பாட்டிலுக்குள் அது புளித்தது, பொங்கியது, ஒரு மத்தியானம் ‘டப்’ என்று மூடியைப் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. முதலில் மளிகைக்கடை, அடுத்து தையல்கடை, அப்புறம் வரிசையாகத் தெருவெல்லாம் டப் டப். சிலிண்டர் வெடித்துவிட்டது என்று தெருக்கோடிக் கிழவி கட்டிலோடு வெளியே வந்துவிட்டாள். பாவா மட்டும் அசரவில்லை. “பாத்தியாக்கா, இயற்கைக்கு எவ்ளோ சக்தி!” என்றான். அவனை அடிக்க என் கடையில் விற்காத சாமான் எதுவும் கையில் அகப்படவில்லை, அதனால் தப்பித்தான்.

இத்தனைக்கும் அவன் பைத்தியக்காரன் இல்லை. காரணம் எனக்குத் தெரியும். அவனுக்கு மஞ்சு என்று ஒரு தங்கை. நைனாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அவளை வளர்த்து, படிக்க வைத்து, மணவூரில் கட்டிக்கொடுத்தவன் அவன்தான். அவளுக்கு ரொம்ப வருஷம் பிள்ளை இல்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கிரீம், பவுடர், ஷாம்பு என்று என் கடையில் பை நிறைய வாங்கிக்கொண்டு போய் அவளுக்குக் கொடுத்தவன் இவன். அந்த வீடியோவைப் பார்த்த அன்றைக்கு, பிள்ளை இல்லாததற்குத் தான் வாங்கித் தந்த பைதான் காரணம் என்று நினைத்துவிட்டான். ஒரு நாள் கடை மூடுகிற நேரத்தில் என்னிடம் அதைச் சொன்னான். அதற்குப் பிறகு நான் திட்டுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

சும்மா இருப்பானா? என் கடைக் கிரீமை எடுத்துக்கொண்டு அரக்கோணத்தில் ஒரு தோல் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனான். திரும்பி வந்து நடுத்தெருவில் நின்று அறிவித்தான்: “பாராபென்ல சில வகைய வெளிநாட்டுல தட பண்ணிட்டாங்களாம். டாக்டரம்மாவே சொல்ட்டாங்கோ!” வேறு என்ன சொன்னார்கள் என்று கேட்டால், “அவ்ளோதான்” என்றான்.

அடுத்த வருஷமே மஞ்சு மாசமானாள். பிள்ளையும் பிறந்தது, ஆண் பிள்ளை. பாவாவைப் பிடிக்க முடியவில்லை. கிரீமை நிறுத்தச் சொன்னதால்தான் பிள்ளை பிறந்தது என்று ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். மஞ்சு என்னிடம் பொரிந்து தள்ளினாள்: “ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சது நானு, பேரு வாங்கிக்கிறது இவரா?” சொல்லிவிட்டு, வழக்கமான கிரீமை முந்தானைக்குள் மறைத்து வாங்கிக்கொண்டு போனாள். அவள் அதை ஒரு நாளும் நிறுத்தவில்லை.

பிள்ளைக்கு மலைமேல் கோயிலில் மொட்டை, காதுகுத்து என்று நாள் குறித்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் இரண்டும் நடக்கவேண்டும். பாவா அந்த நாளுக்காகவே உயிரை வைத்துக்கொண்டிருந்தான் என்று சொன்னால் மிகையில்லை. மஞ்சு கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

“ணா, எங்க மாமியார் ஒரு மாதிரி. அன்னிக்கு ஒரு நாள் பாராபென்ன வீட்ல வுட்டுட்டு வா. ஏதாவுது ரகள பண்ண, காது குத்தறதுக்கு என் கொழுந்தனார் மடியில உக்கார வெச்சிடுவாங்கோ. அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

“சேச்சே, நான் ஏம்மா பேசப்போறேன்?” என்றான்.

பேசவில்லை. செய்தான். மொட்டைத் தலைக்குப் பூசுகிற சந்தனத்தைக் கடையில் வாங்கினால் அதிலும் பாராபென் இருக்குமாம். எங்கிருந்தோ நல்ல சந்தனக்கட்டை ஒன்றைப் பிடித்து, செல்போன்களையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு, இளநீர் விட்டு அரைக்க ஆரம்பித்தான். பிள்ளைக்கு மட்டுமா? பிள்ளையின் அப்பனுக்கு மொட்டை, தாத்தாவுக்கு மொட்டை, வேண்டுதல் இருக்கிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் மொட்டை. அத்தனை தலைக்கும் தன் சந்தனம்தான் என்று ஒரு டப்பா நிறைய அரைத்துச் சேர்த்தான். விசேஷத்துக்கு இன்னும் நாள் இருந்தது, சித்திரை வெயில் வேறு.

“ஃப்ரிட்ஜிலயாவது வைடா” என்றேன்.

“ஃப்ரிட்ஜில வெச்சா அதோட சக்தி பூடுங்கா.”

அன்றைக்கு மலைமேல் கூட்டம் ஜேஜே என்றிருந்தது. புது வேட்டி கட்டி, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பாவா உட்கார்ந்தான். பையன் போட்ட கூச்சல் ஆந்திரா வரைக்கும் கேட்டிருக்கும். அவன் திமிறியதில் கத்தி லேசாகப் பட்டு, காதுக்கு மேலே சிவப்பாக ஒரு கோடு. ரத்தம் நின்றது, குளிப்பாட்டினார்கள். பாவா பையிலிருந்து டப்பாவை எடுத்தான். சொந்தமெல்லாம் சுற்றி நின்றது. மூடியைத் திறந்தான்.

வாடை முதலில் வந்தது. புளித்த மாவும் செத்த எலியும் சேர்ந்தாற்போல ஒரு வாடை. உள்ளே சந்தனத்துக்கு மேல் பச்சையும் வெள்ளையுமாகப் பூனைக்குட்டி போல முடி முளைத்திருந்தது.

“அடப்பாவி!” என்றார் மஞ்சுவின் மாமியார். “இத்தையா பச்சப் புள்ள தலையில பூசப் போற? அதுவும் வெட்டுப்பட்ட தலையில? போதும்பா உன் மாமன் உறவு. காது குத்தறதுக்கு எங்க சின்னவன் உக்காரட்டும்.”

பாவாவுக்குப் பேயறைந்தது போல ஆகிவிட்டது. கூட்டத்தில் ஒரு பெரிய மனுஷர் உதவிக்கு வந்தார். “மேலாப்பல வழிச்சிப் போட்டுட்டு அடியில கீறத பூசுப்பா, ஒண்ணும் ஆவாது.” மானம் தப்பிக்க நல்ல வழிதான். பாவாவின் கை டப்பாவுக்குள் போயிற்று. போன கை அப்படியே நின்றது. பிள்ளையின் தலையில் இருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தான்.

“வேணாங்க. மேல கீறதுதான் கண்ணுக்குத் தெரியுது. தெரியாதது அடி வரைக்கும் போயிருக்கும்” என்று மூடியை இறுக்கி மூடி, டப்பாவையே குப்பைத்தொட்டியில் போட்டான். பிறகு என்னிடம் திரும்பி, “யக்கா, உன் பையில சந்தனம் கீதா?” என்று கேட்டான்.

இருக்காதா பின்னே? அவன் லட்சணம் தெரிந்துதான் கடையிலிருந்து ஒரு டியூப் எடுத்து வந்திருந்தேன். வாங்கினவன் சும்மா பூசவேண்டியதுதானே? லென்ஸை எடுத்து மாட்டிக்கொண்டு அத்தனை பேருக்கும் நடுவில் உரக்கப் படித்தான். “மீதைல் பாராபென்.” மஞ்சு தலையில் அடித்துக்கொண்டாள்.

“அரக்கோணம் டாக்டரம்மா இன்னொண்ணும் சொன்னாங்கோ” என்றான், குரல் தாழ்ந்து. “நான்தான் யாராண்டயும் சொல்லல. தட பண்ணது சில வகையதான். சாதாரணமா டப்பால வர்றது, சொன்ன அளவுக்குள்ள இருந்தா பயப்படத் தேவையில்லன்னாங்கோ. ஆராய்ச்சியும் நடந்துகினுதான் கீதாம். ஆனா தண்ணி கலந்த சாமான்ல பூஞ்சைக்கு எதுவும் போடாம வெச்சா அதான் மொத ஆபத்துன்னாங்கோ. மஞ்சுக்குப் புள்ள இல்லாததுக்கு நான் வாங்கிக் குடுத்ததுதான் காரணம்னு யாராலயும் சொல்ல முடியாதுன்னும் சொன்னாங்கோ. நான் நம்பல. எம்மேலதான் தப்புன்னு இருந்தேன்.”

மஞ்சு அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். “ணா, நான் அந்தக் கிரீம எங்க நிறுத்துனேன்? இன்னிக்குக்கூட போட்டுகினுதான் வந்தேன்.”

பாவா என் பக்கம் திரும்பினான். “யக்கா! நீதான் குடுத்துகினு இருந்தியா?”

“ஆங், நான்தான். நீ பாதி சேதி சொன்ன, நான் பாதி வியாபாரம் சொல்லல. ரெண்டும் சரியாப் பூடுச்சி, போடா.”

மாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வெட்டுப்பட்ட இடத்தை விட்டுவிட்டு, ஒரு விரலால் மெதுவாக, முட்டையைத் தடவுகிற மாதிரி அவன் சந்தனம் பூசுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “தப்புன்னு தெரிஞ்சதும் மானம் பாக்காம டப்பாவ மூடுனான் பாரு, அவன்தாண்டி மாமன். ஆசாரிய கூப்புடு, இவன் மடியிலயே குத்தட்டும்” என்றார். காது குத்தும்போது பிள்ளையைவிட மாமன்தான் அதிகம் அழுதான். அதை அவன் மறுப்பான், நம்பாதீர்கள்.

போன வருஷம் கடையை அரக்கோணம் ஸ்டேஷன் பக்கம் மாற்றிக்கொண்டு போய்விட்டான். அங்கேயும் பக்கத்தில் ஒரு பேன்சி ஸ்டோர் இருக்கிறதாம், பாவம் அந்த அம்மா. திருந்திவிட்டானா என்று கேட்டால், திருந்தினான்தான். இப்போது சேதியை முழுசாகச் சொல்கிறான், அதனால் ஒவ்வொருவரையும் இரண்டு மடங்கு நேரம் நிறுத்தி வைக்கிறான். தேங்காயெண்ணெய்க்கு ஒன்றும் வேண்டாம், தண்ணி இருந்தால் காவல் வேணும், எதுவுமே போடவில்லை என்று பீற்றிக்கொள்கிற கிரீமைத்தான் முதலில் திருப்பிப் படிக்கணும் என்பான். அவன் போனதிலிருந்து எனக்குப் போணிக்குக் குறைச்சல் இல்லை, பேச்சுக்குத்தான் ஆள் இல்லை.

அன்றைக்கு மலைமேல் காது குத்தி முடிந்ததும் எல்லாரும் சாப்பிடப் போனார்கள். பிள்ளை அழுது அழுது பாவா மடியிலேயே, அவன் சட்டையை இறுக்கிப் பிடித்தபடி தூங்கிவிட்டது. கடையைத் திறக்கவேண்டுமே என்று நான் சொல்லிக்கொள்ளப் போனேன்.

“கால் மரத்துப் பூட்ச்சிக்கா” என்றான் கிசுகிசுப்பாக.

“புள்ளைய எறக்கி வுட்டுட்டு எழுந்து வாயேண்டா. பந்தி முடியப் போவுது.”

“வேணாங்கா. முழிச்சிக்குவான்.”

ரொம்ப வருஷம் காலியாக இருந்த மடி. நான் கீழே இறங்கவில்லை. கிளம்புவதற்காக மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையால் இரண்டு பேருக்கும் விசிறிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.