பேஜாருண்ணாவும் காணாமல் போன பலகையும்

ஊரப்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் வரை, பேஜாருவிடம் திட்டு வாங்காத பட்டன் ஒன்றுகூடக் கிடையாது. ஏ.டி.எம். பட்டன், லிஃப்ட் பட்டன், மிக்ஸி பட்டன் எல்லாமே அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவைதான். ஒருமுறை ஒரு வணிக வளாகத்தின் வாசலில் பார்க்கிங் மிஷின் முன்னால் வேனை நிறுத்திவிட்டு, "டோக்கன போடுன்ற. எங்க போடுறதுன்னு சொல்லாம நீ பாட்டுக்கு மினுக்கினு கீற. இன்னா மெரட்டுறியா?" என்று அந்த மிஷினிடம் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னால் ஏழெட்டு கார்கள் ஹாரன் அடித்தன. சண்டை போட இறங்கி வந்த கார்க்காரர் ஒருவர் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "அவர் சொல்றது கரெக்ட்தானே சார்" என்று இவர் பக்கம் சேர்ந்துகொண்டதால் வரிசை ஜி.எஸ்.டி. சாலை வரைக்கும் நீண்டது.

அவருடைய உண்மைப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. எதைப் பார்த்தாலும் "பேஜாரா கீதுபா" என்பார். அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. முட்டுக்காட்டுக்காரர். என்னைவிட நாலு வயதுதான் மூத்தவர் என்றாலும் நாற்பது வருடம் சலித்துக்கொண்டவர் போலப் பேசுவார். எங்கள் ஆபீஸ் வேனின் டிரைவர்.

ஆபீஸ் என்றால் கண்ணாடிக் கட்டடத்தைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். ஊரப்பாக்கத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடி. பன்னிரண்டு பேர். சின்னக் கம்பெனிகளுக்கும் ஓட்டல்களுக்கும் ஈமெயில் வசதி செய்து கொடுப்பது எங்கள் தொழில். மெயிலைத் திறந்தால் தெரிகிற திரை எப்படி இருக்க வேண்டும், எந்த பட்டன் எங்கே உட்கார வேண்டும் என்று தீர்மானிப்பவன் நான். என் ரசனையின் மேல் எனக்கு அளவுகடந்த மரியாதை இருந்த காலம் அது.

ஒருநாள் கம்பெனியை நடத்தும் எங்கள் மேடத்துக்கு ஞானம் பிறந்தது. "நம்ம மெயிலை நாமே பாத்து நாமே மெச்சிக்கிறோம். கம்ப்யூட்டர் பழக்கமே இல்லாத ஒருத்தர் உபயோகிச்சுப் பார்க்கட்டும்" என்றார். கண்ணில் பட்டவர் பேஜாரு. வண்டிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு கதவோரம் நின்றிருந்தார்.

என் புதுத் திரையின் முன்னால் அவரை உட்காரவைத்து, மேடத்துக்கு ஒரு போட்டோவை மெயிலில் அனுப்பச் சொன்னேன். வழவழவென்று வெள்ளைத் திரை. சொற்களே கிடையாது, எல்லாம் குட்டிக் குட்டிப் படங்கள். பெருமையாக நின்றேன்.

"எழுத்து ஏன் இப்டி பயந்துகினு கீது?" என்றார் முதலில்.

"பயமெல்லாம் இல்லண்ணா. வெளிர் சாம்பல் நிறம். அதான் இப்ப ஸ்டைல்."

"படிக்க வேணாம்னா எழுதாமலே வுட்ரலாமே. சரி, இது இன்னா? ஹேர்பின்னா?"

"பேப்பர் கிளிப்ண்ணா. போட்டோ இணைக்கறதுக்கு."

"இந்தப் பொட்டி? கீழ்ப்பக்கம் அம்பு வேற போட்டுக்கீது. லக்கேஜ் எறக்கறதா?"

"பழைய மெயிலை எடுத்து வைக்கறது."

அப்புறம் திரையின் மூலையில் இருந்த மூன்று கோட்டில் அவர் விரல் வந்து நின்றது. அதை அமுக்கினால் மறைந்திருக்கும் மற்ற வசதிகள் எல்லாம் வரும். உலகம் முழுக்க அப்படித்தான். பேஜாரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "யோவ் டிசைனு, கம்ப்யூட்டருக்கு ஏன்யா விபூதிப் பட்டை போட்டு வெச்சிக்கிற?"

மேடம் சிரித்ததில் காபி மேசையில் கொட்டியது. சிரித்துக்கொண்டே தன் அறைக்குப் போய்விட்டார். நான் சிரிக்கவில்லை.

ஒருவழியாக மெயிலை அனுப்பினார். "உங்கள் மெயில் அனுப்பப்பட்டது" என்று கீழே ஒரு வரி வந்து மூன்று விநாடியில் மறைந்தது. அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "யாரோ எட்டிப் பாத்துட்டு ஓட்றாம்பா! போச்சா இல்லியா? சொல்லிட்டாவது ஓடக் கூடாதா?" அது போயிற்றா என்று தெரிந்துகொள்ள, கையோடு மேடத்தின் அறைக்குள் போய் நேரில் கேட்டுவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து எந்தத் திரையையும் அவர் பார்க்காமல் வெளியே விடக்கூடாது என்று மேடம் உத்தரவு போட்டார். எனக்குச் சனி பிடித்தது.

பேஜாரு மெயில் அனுப்பக் கற்றுக்கொண்டதே மெயிலைப் பற்றிப் புகார் எழுதத்தான். சிக்னலில் வேன் நின்றால் போனை எடுப்பார்; வாயால் சொல்லச் சொல்ல அது எழுதிக்கொள்ளும். பக்கத்தில் லாரிக்காரரைத் திட்டியதும் அதே மெயிலில் சேர்ந்து வரும். எல்லா மெயிலுக்கும் ஒரே தலைப்பு: அவசரம். 'அவசரம். அழிக்கிற பட்டனும் அனுப்புற பட்டனும் அக்கா தங்கச்சி மாதிரி ஒட்டிகினு நிக்குது, எனுக்கு வெரலு பெருசு.' 'அவசரம். பாஸ்வேர்டு தப்புன்னு சொல்ற, இன்னா தப்புன்னு சொல்ல மாட்ற, டேய் இண்டிகேட்டர் போட்டு திரும்புடா.' ஒரு நாளைக்கு ஆறு, ஏழு வரும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்பதால் பத்து வரும்.

நான் ஒரு காரியம் செய்தேன். பேஜாருவிடமிருந்து வரும் மெயில் எதுவும் என் கண்ணில் படாமல் நேராக ஒரு தனி ஃபோல்டருக்குள் போய் விழும்படி ஏற்பாடு செய்துவிட்டேன். 'பிறகு பார்க்கலாம்' என்று அதற்குப் பெயரும் வைத்தேன். பார்க்கவே இல்லை. நேரில் கேட்டால், "பாத்துகினே கீறேண்ணா" என்று அவர் பாஷையிலேயே புளுகிவிடுவேன். அவரும் திருப்தியாகப் போய்விடுவார். இதை இன்று எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

இந்தச் சமயத்தில்தான் மாமல்லபுரத்துக் கடலோரத்தில் ஒரு பெரிய ஓட்டலின் வேலை வந்தது. ஏற்கெனவே எங்கள் பழைய மெயிலைப் பயன்படுத்திக்கொண்டிருந்தவர்கள். புதுத் திரை பிடித்தால் அவர்களுடைய மற்ற ஓட்டல்களுக்கும் எங்களிடமே வாங்குவார்கள். பிடிக்காவிட்டால் இங்கேயும் எங்களை நிறுத்திவிடுவார்கள். மேடம் பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்து ஒளிக்காமல் சொன்னார். "இது போச்சுன்னா மாடியைக் காலி பண்ணிட்டு எல்லாரும் வேற வேலை தேட வேண்டியதுதான்." அதற்கு முந்தின வருடம்தான் நான் ஒரு கம்பெனியில் வேலையிழந்து எட்டு மாதம் வீட்டில் இருந்தவன். மாமியார் வீட்டு விசேஷங்களுக்குப் போகாமல் இருக்க என்னென்ன வியாதி சொல்லலாம் என்பதில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு. மறுபடி அந்தப் பக்கம் போக எனக்குத் தெம்பு இல்லை.

ஒரு மாதம் வேலை நடந்தது. வாரம் இரண்டு முறை மேடமும் நானும் ஓட்டலுக்குப் போவோம். நாங்கள் ஏ.சி. அறையில் மேனேஜருக்குப் படம் காட்டுவோம்; பேஜாரு பின்கட்டில் சமையலறை ஆட்களோடு உட்கார்ந்து நாஸ்தா சாப்பிடுவார். ஓட்டலுக்காகத் திரையை இன்னும் சுத்தமாக்கினேன். வேண்டாதது என்று எனக்குத் தோன்றியதை எல்லாம் மூன்று கோட்டுக்குள் ஒளித்தேன். ஒருநாள் விடியற்காலை எல்லாக் கம்ப்யூட்டரிலும் புதுத் திரை ஏறியது. அன்று காலை ஒன்பது மணிக்கு நேரில் போய் நின்றோம்.

வரவேற்பில் இருந்த பெண்கள் "அழகா இருக்கு சார்" என்றார்கள். மேனேஜரும் தலையாட்டினார். நான் மிதந்துகொண்டிருந்தேன். அப்போது சமையலறைப் பக்கமிருந்து ஒரு சத்தம்.

"பலகைய காணோம்! சார், பலகைய காணோம்!"

காலை ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஸ்டெல்லா அக்கா. கையில் கரண்டியோடு ஓடி வந்தார். எல்லோரும் பின்கட்டுக்கு ஓடினோம். எந்தப் பலகை என்று தெரியாமல் நான் சுவரைப் பார்த்தேன், மேசைக்கு அடியில் பார்த்தேன். "அங்க இல்ல தம்பி, கம்ப்யூட்டர்ல! நேத்து வரைக்கும் இருந்துது. நேத்து ஷிஃப்ட்டு ஆளுங்க எழுதி வெச்சதெல்லாம் அதுலதான் கீது. இன்னிக்கு நூறு பேரு வெளியூர்லேந்து சாப்ட வராங்க. யாருக்கு இன்னா ஆவாதுன்னு அதுல கீது. ஒரு புள்ளைக்கு வேர்க்கடலை பட்டாலே மூச்சு நின்னுடுமாம். அது எந்த டேபிள்னு எனுக்கு எப்டி தெரியும்?"

வந்த மெயில்களைப் பார்த்தேன், இல்லை. அனுப்பிய மெயில்களைப் பார்த்தேன், அதிலும் இல்லை. நேற்று எழுதிவைத்த ஆள் போனை அணைத்துவிட்டுத் தூங்கப் போயிருந்தார். "அப்படி எந்த மெயிலும் வரவே இல்லீங்க, போகவும் இல்லீங்க" என்றேன். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "மேடம், மத்தியானத்துக்குள்ள கிடைக்கலைன்னா பழைய மெயிலும் வேண்டாம், புது மெயிலும் வேண்டாம்" என்றார். மேடம் முகத்தில் ரத்தம் இல்லை.

கதவோரம் டீ கிளாஸோடு பேஜாரு வந்து நின்றார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, கிளாஸை என் கையில் திணித்தார்.

"ஸ்டெல்லாக்கா, உக்காரு. அந்த விபூதிப் பட்டைய அமுக்கு. வந்துச்சா? அதுல 'மேலும்'னு ஒண்ணு. அதையும் அமுக்கு. இப்ப 'மற்றவை'. பொறுமையா... கடைசியா இன்னா எழுதிக்கீது?"

"டிராஃப்ட்."

"அதான் உன் பலகை."

எழுதி அனுப்பாமல் விட்ட மெயில்கள் தங்கும் இடம்தான் டிராஃப்ட். அனுப்பாத மெயிலை யார் தேடப் போகிறார்கள் என்று அதை மூன்று கதவுக்குப் பின்னால் தள்ளியவன் நான். இந்தச் சமையலறையில் மூன்று ஷிஃப்ட்டுக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர், ஒரே மெயில் கணக்கு. ஒரு ஷிஃப்ட் எழுதிவிட்டு அனுப்பாமல் விட்டுப் போகும். அடுத்த ஷிஃப்ட் திறந்து படித்து, கீழே தன் பங்குக்கு எழுதிவிட்டு, அதுவும் அனுப்பாமல் போகும். "அனுப்புனா போயிடும் தம்பி. அனுப்பாட்டி அங்கியேதான இருக்கும்" என்றார் ஸ்டெல்லா அக்கா. ஆறு வருடமாக ஓட்டல் சமையலறை இப்படித்தான் நடந்திருக்கிறது. இதைவிட ஒழுங்கான ஏற்பாட்டை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

அதில் எழுதிவைத்திருந்த பதினேழு குறிப்பும் பத்திரமாக இருந்தன. வேர்க்கடலைக் குழந்தை நாலாம் டேபிள். ஸ்டெல்லா அக்கா சிலுவைக் குறி போட்டுக்கொண்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முழுதாக வருவதற்குள் மேனேஜர் என் பக்கம் திரும்பினார்.

"யார் இதை இப்படி ஒளிச்சு வெச்சது? வைக்கறதுக்கு முன்னாடி யாரும் எடுத்துச் சொல்லலையா?"

பேஜாரு என்னைப் பார்த்தார். அவர் இதைப் பற்றி எனக்கு எழுதியிருப்பார் என்பது அந்த ஒரு பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கேயோ எவனோ தயாரித்த மிஷினுக்கெல்லாம் வரிசையை நிறுத்தி நியாயம் கேட்டவர். இன்று நியாயம் முழுக்க அவர் பக்கம். வாயைத் திறந்தார். நான் மறுபடி எட்டு மாதம் வீட்டில் உட்காரத் தயாரானேன்.

"நான்தான் சார் டெஸ்ட்டு பண்ணேன்" என்றார். "எனுக்குத் தெரியும். சொல்ல வுட்டுட்டேன். மறதி. இவுரு அரை மணி நேரத்துல அத முன்னாடி எடுத்து வெச்சுருவாரு, வேலைல கில்லாடி."

"நீங்க டிரைவர்தானே?"

"ரெண்டும் நான்தான் சார்."

அரை மணிகூட ஆகவில்லை. ஸ்டெல்லா அக்காவின் மேசையிலேயே உட்கார்ந்து டிராஃப்ட்டை முதல் வரிசைக்குக் கொண்டுவந்தேன். இந்த ஓட்டலுக்கு மட்டும் அதற்குப் 'பலகை' என்றே பெயர் வைத்தேன். "எழுத்த கொஞ்சம் கறுப்பாக்கேன் தம்பி" என்றார் அக்கா. கறுப்பாக்கினேன். மத்தியானச் சாப்பாடு பழுதில்லாமல் முடிந்தது. மேனேஜர் நாலாம் டேபிளை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "சரி மேடம், மத்த ஓட்டலுக்கும் போடுங்க. வரும்போது அந்த டிரைவரையும் கூட்டிட்டு வாங்க" என்றார். மேடம் சமையலறைப் படியிலேயே உட்கார்ந்து இரண்டு டம்ளர் மோர் குடித்தார். பன்னிரண்டு பேர் பிழைத்தோம்.

திரும்பும்போது மேடம் பின் சீட்டில் தூங்கிவிட்டார். முன் சீட்டில் இருந்த நான் போனை எடுத்து அந்த ஃபோல்டரைத் திறந்தேன். மூன்று வாரத்துக்கு முந்தைய மெயில். 'அவசரம். டிசைனு, ஓட்டல் கிச்சன்ல நாஸ்தா துன்னுகினு கீறேன், இவுங்க அனுப்பாத மெயில்லதான் எல்லாம் எழுதிவெக்கிறாங்க, அத ஒளிச்சு வெக்காத, அக்கா இன்னொரு இட்லி, பாவம் தேடுவாங்க.'

"ஏண்ணா, நீங்க எழுதியிருக்கீங்க. நான்தான் படிக்கல. அங்கயே சொல்லியிருக்கலாமே?"

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் ஹாரனை ஒருமுறை அழுத்திவிட்டுச் சொன்னார்.

"உன்ன நான் திட்டுவேன்யா. தெனம் திட்டுவேன். நீ நம்ம ஆளு. அந்த ஆளு திட்டுறதுக்கு நான் எடுத்துக் குடுக்கணுமா?"

நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதை அவர் கவனித்திருக்க வேண்டும், உடனே ஆரம்பித்துவிட்டார். அனுப்புற பட்டன் சின்னது. தேடுற கட்டம் எங்கியோ கீது. எட்டிப் பாத்துட்டு ஓட்றவன நிக்கவையி.

நான் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தேன். செங்கல்பட்டு சிக்னலில் வேன் வெகுநேரம் நின்றது. இன்னும் கொஞ்சம் நின்றால் தேவலை என்று இருந்தது.