வெட்டியது போக மீதி

சபையின் வாசிப்பறையில் நாலு பேர் செய்தித்தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கறுப்பு மைக்கு அடியில் இருந்ததை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

மை பூசியவர் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். சபையைப் பற்றியோ அதை நிறுவிய பெரியவரைப் பற்றியோ யார் தாறுமாறாக எழுதினாலும் உறுப்பினர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. மற்றவர்கள் மனசு கெட்டுவிடக் கூடாதே என்று அத்தனை வசவையும் தான் ஒருவராகவே படித்துத் தீர்த்த தியாகி. அப்படித்தான் அவர் தன்னை நினைத்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் மையை விட்டுக் கத்தரியை எடுத்தார். 'கத்தரி அண்ணன்' என்ற பட்டம் வந்ததுதான் மிச்சம்.

"அண்ணே, நீங்க வெட்டினதுல பின்பக்கத்து மேட்ச் ஸ்கோரும் போயிடுச்சு."

"ஆன்மிகத்துக்கு எதுக்குப்பா ஸ்கோர்?"

"அதுக்கில்லண்ணே, முனைக் கடையில போய் முழுப் பேப்பர் வாங்க வேண்டியிருக்கு."

அவர் வெட்டுவதை நிறுத்திவிட்டு, வசவின் மேலேயே செடி வளர்ப்புக் குறிப்புகளை ஒட்டினார். அதை ஆவியில் காட்டி உரிக்கச் சமையலறையில் வரிசை நின்றது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

அந்த நேரம் பார்த்துப் பதிவு அதிகாரி வந்தார். இது மதமா, மதத்தின் பெயரில் நடக்கும் கம்பெனியா என்று அவர் எழுத வேண்டும். கம்பெனி என்று எழுதிவிட்டால் சபையைக் கலைக்க வேண்டியதுதான். கத்தரி அண்ணனுக்கு வேறு வேலையும் தெரியாது, வேறு நம்பிக்கையும் கிடையாது. அதிகாரி வாய் திறக்கும் முன் அவரே முந்திக்கொண்டார்.

"புத்தகம் இருக்கு சார். உறுதிமொழி இருக்கு. வெளியில சொல்லக் கூடாத ரகசியமே ஏழு இருக்கு."

"அதெல்லாம் எங்க ஆபீஸ்லயும் இருக்கு. மனசார நம்புறவங்க இருக்காங்களா? அதான் எனக்கு வேணும். நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

அதிகாரி சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கத்தரி அண்ணன் கதவில் காதை வைத்தார். உனக்கு இது அழகா என்று மனசு கேட்டது, கேட்டதோடு சரி.

"உங்க சபையைப் பத்தி வெளியில என்ன சொல்றாங்கன்னு தெரியுமாம்மா?"

சமையல்காரம்மா மூச்சு விடாமல் ஒப்பித்தார். "பெரியவர் வாங்கின பட்டம் போலி. மலை உச்சியில தவம் பண்ற போட்டோ ஸ்டுடியோவுல எடுத்தது. ஏழு ரகசியத்துல நாலு, உடம்பு இளைக்கிறதுக்கு யாரோ எழுதின புஸ்தகத்துலேருந்து வந்தது. எல்லாம் நெசம்தான் சார்."

வெளியே கத்தரி அண்ணன் காதை இன்னும் அழுத்தி வைத்தார்.

"இவ்வளவு தெரிஞ்சுமாம்மா நம்புறீங்க?" அதிகாரியின் குரல் உயர்ந்தது.

"ஐயோ, மெதுவாப் பேசுங்க சார்! பெரியவர்லேருந்து எங்க யாருக்கும் நம்பிக்கை கிடையாது. கத்தரி அண்ணன் ஒருத்தர்தான் நம்புறாரு, அவர் காதுல மட்டும் இது விழுந்துடாம இத்தனை வருஷமாக் கட்டிக் காப்பாத்திட்டு இருக்கோம்!"