குஞ்சப் புல்லும் கார்த்திகைப் பூவும் கெடுத்த கலியாணம்

நாச்சியாபுரம்,
ஆங்கீரச வருஷம், கார்த்திகை மாதம் 5-ந் தேதி.

‘தாவர விநோதினி’ மாதப் பத்திரிகையின் ஆசிரியர் அவர்கள் சமுகத்துக்கு, திருப்பத்தூர் பத்திரப் பதிவு ஆபீசில் முப்பத்தொரு வருஷம் நகல் எழுதிப் பென்ஷன் வாங்கும் குமாஸ்தா செம்மலை அநேக வந்தனத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், என் மனைவி அக்கம்மாள், என் ஒரே மகள் நாகவல்லி ஆகிய மூவரும் உடம்பளவில் சுகம். மனசளவில் சுகமில்லை. அதற்குக் காரணம் தாங்கள். அவ்விடத்து க்ஷேமத்தையும் விசாரிக்க வேண்டியதுதான், ஆனால் என் வயிற்றெரிச்சலை முதலில் கொட்டிவிடுகிறேன்.

தங்கள் ஆவணி மாதத்து இதழில், பதினோராம் பக்கத்தில், ‘வீட்டு முகப்புக்கு ஏற்றது குஞ்சப் புல்லா, கார்த்திகைப் பூவா?’ என்று ஒரு வியாசம் வந்தது. குஞ்சப் புல் வெளிநாட்டுச் சரக்கு, தண்ணீர் அதிகம் கேட்காது, ஆளுயரம் வளரும், நுனியில் வெள்ளை வெளேரென்று குஞ்சம் கட்டும், காற்றடித்தால் சாமரம் வீசும் என்று எழுதியிருந்தீர்கள். கார்த்திகைப் பூ நம் வேலியிலேயே கிடைப்பது, வருஷா வருஷம் கிழங்கிலிருந்து தானே கிளம்பும், சிவப்பும் மஞ்சளுமாக அந்த அழகுக்கு ஈடு கிடையாது, ஆனால் கிழங்கு முதல் விதை வரை சகலமும் விஷம் என்றும் எழுதியிருந்தீர்கள். சரி. இவ்வளவும் எழுதிவிட்டுக் கடைசி வரியில், ‘எது மேல் என்பதை வாசகர்களின் ரசனைக்கே விட்டுவிடுகிறோம்’ என்று முடித்தீர்களே, இது நியாயமா? ஒரு கிரயப் பத்திரத்தில், ‘வடக்கு எல்லையை வாங்குகிறவர் ரசனைக்கே விட்டுவிடுகிறோம்’ என்று நான் எழுதியிருந்தால் ரிஜிஸ்திரார் என்னை ஒரு நாள் வேலையில் வைத்திருப்பாரா?

தாங்கள் முடிவு சொல்லாததால் இரண்டையும் வளர்த்தேன். பெரிய வீட்டுத் தோட்டக்காரர் கோட்டைச்சாமி காலில் விழாத குறையாகக் கெஞ்சிக் குஞ்சப் புல் நாலு தூர் வாங்கி வந்து வாசலில் இரண்டு பக்கமும் நட்டேன். கார்த்திகைப் பூவைத் தொட்டியில் வைத்துக் கொல்லையில் வளர்த்தேன். அக்கம்மாள், “அந்த எடத்துல நாலு பூசணி வெதையை ஊண்டினா கொழம்புக்காச்சும் ஆகும்” என்றாள். முகப்பு நன்றாக இருந்தால்தான் நாகவல்லிக்கு நல்ல இடம் அமையும் என்று அவளுக்கு எடுத்துச் சொன்னேன். நாகவல்லிக்குப் பதினெட்டு முடியப் போகிறது. அவளை ஒருவன் கையில் பிடித்துக் கொடுப்பதைத் தவிர எனக்கு இந்த உலகத்தில் வேறு வேலை பாக்கி இல்லை. இந்த வீட்டில் நடக்கும் எல்லாமே அதற்காகத்தான், தங்கள் பத்திரிகையை வாங்குவது உட்பட.

ஐப்பசி முதல் வாரத்தில் என் மைத்துனன் முத்துராமன் திருப்பத்தூரிலிருந்து ஒரு கூட்டத்தைப் பெண் பார்க்க அழைத்து வந்தான். மாப்பிள்ளையின் தகப்பனாரும் அத்தை சின்னக்கண்ணும் வண்டியை விட்டு இறங்கினார்கள். இறங்கின அந்த அம்மாள் என் குஞ்சப் புல்லைப் பார்த்ததும் இறங்கின இடத்திலேயே நின்றுவிட்டது. “ஏப்பா முத்துராமா, இந்த வீட்டுல இன்னைக்கு யாருக்குத் திவசம்? வாசல்லயே தர்ப்பையைக் குமிச்சு வச்சிருக்காக?” என்று கேட்டது. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள். அம்மா, இது தர்ப்பை இல்லை, அலங்காரப் புல், கப்பலேறி வந்தது என்று சொல்லி, ஆதாரம் இல்லாமல் பேசி எனக்குப் பழக்கமில்லையாதலால், உள்ளே போய்த் தங்கள் இதழைக் கொண்டு வந்து பதினோராம் பக்கத்தை முதல் வரியிலிருந்து வாசித்தேன், பன்னிரண்டாம் பக்கமும் வாசித்தேன், அவர்களும் பாவம் உட்கார்ந்து கேட்டார்கள், இதற்குள் வண்டிக்காரன் அவிழ்த்து விட்ட மாடு இரண்டும் வந்து இடது பக்கத்துத் தூர் இரண்டையும் குஞ்சத்தோடு மேய்ந்துகொண்டிருந்தன. நான் பத்திரிகையும் கையுமாகப் பாய்ந்து மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்தேன், மாடு திமிறிற்று, தண்ணீர்ச் செம்பு உருண்டு சம்பந்தியாக வேண்டியவர் மடியில் கவிழ்ந்தது. சின்னக்கண்ணு எழுந்துவிட்டது. “வாயில்லாச் சீவன் ஒரு வாய் புல்லுத் தின்னதுக்கே இந்த ஆட்டம் ஆடுறாரே, நாளைக்கு மறுவீடு வந்த நம்ம புள்ளை இன்னொரு கரண்டி சோறு கேட்டா என்ன ஆடுவாரு?” என்றது. போய்ச் சேதி சொல்லிவிடுகிறோம் என்று கிளம்பினார்கள். சேதி வரவில்லை.

மறுநாளே மிச்சமிருந்த இரண்டு தூரையும் என் கையாலேயே பிடுங்கி எறிந்தேன். பெற்ற பிள்ளையை அடித்த மாதிரி இருந்தது.

அடுத்து முத்துராமன் கொண்டு வந்த இடம் குன்றக்குடி. மாப்பிள்ளையின் தகப்பனார் ஆண்டியப்பன் கிருத்திகை தவறாமல் மலையேறுகிறவர். கார்த்திகைப் பூ முருகனுக்கு உகந்தது, ஆகவே இந்தத் தடவை தோற்க வழியே இல்லை என்று தொட்டிகளை வாசலுக்குக் கொண்டு வந்து கொடியை நிலைப்படி மேலே ஏற்றிவிட்டேன். அவர்கள் வந்த அன்று முப்பத்தேழு பூ. ஆண்டியப்பனோடு வந்த அவர் சம்சாரம், அந்த அம்மாள், “முருகா, என்ன அழகு!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அதிரசமும் காப்பியும் கொடுத்தோம். அதிரசத்தை ஒரு கடி கடித்துக்கொண்டே அந்த அம்மாள் தலையில் செருக ஒரு பூவைப் பறிக்கக் கை நீட்டினால் நான் என்ன செய்வேன்? “தொடாதீக! விஷம்!” என்று கத்திவிட்டேன். கத்தினதற்குக் காரணம் சொல்ல வேண்டாமா? பதினோராம் பக்கத்தை எடுத்தேன். கிழங்கு தின்றால் என்ன ஆகும், எத்தனை நாழிகையில் ஆகும், முதலில் வாந்தியா, பேதியா என்று தாங்கள் வரிசையாக எழுதியிருந்ததை ஒன்று விடாமல் வாசித்தேன்.

ஆண்டியப்பன் காப்பி டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். “இந்தக் கெழங்கு அடுப்படிப் பக்கமும் கெடக்குமோ?” என்றார். நிலைமையைச் சமாளிக்க வந்த அக்கம்மாள், “அதெல்லாம் இல்லீங்க. வள்ளிக்கெழங்கு மாதிரியே இருக்கும்னு நான் தனியாத்தான் வைப்பேன்” என்றாள். அந்த அம்மாள் வாயிலிருந்த அதிரசத்தை முந்தானையில் துப்பிக்கொண்டது. அதற்குப் பிறகு ஒருவரும் ஒன்றையும் தொடவில்லை. வெற்றிலையைக்கூட வேண்டாம் என்றுவிட்டார்கள். இவர்களும் போய்ச் சேதி சொல்லிவிடுகிறோம் என்றுதான் போனார்கள். முத்துராமன் வண்டியில் ஏறும்போது, “மச்சான், இனிமே நான் யாரையும் இங்குட்டுக் கூட்டி வாரதா இல்லை” என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆசிரியரே, இப்போது என் நிலைமையை யோசியுங்கள். புல் வைத்தால் திவச வீடு, பூ வைத்தால் கொலைகார வீடு. மார்கழியில் ஒருவரும் பெண் பார்க்க வரமாட்டார்கள். அக்கம்மாள் பன்னிரண்டு நாளாக என்னோடு பேசவில்லை, சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். நாகவல்லி முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியமில்லை. இரண்டு செடியால் ஒரு பெண்ணின் வாழ்வு பாழாகிறதே, இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல? ஆகவே, தை மாதத்துக்குள் எதை நடுவது, புல்லா பூவா என்பதை ரசனைக்கு விடாமல் ஒரே வரியில், தங்கள் கையெழுத்தோடு, தபாலில் தெரிவிக்க வேண்டியது.

தங்கள் தோட்டத்தில் புழு பூச்சி அண்டாமலும், தங்களுக்குப் பெண் குழந்தைகள் இருந்தால் அவர்கள் காலாகாலத்தில் கரையேறவும் வேண்டிக்கொள்ளும்,
தங்கள் வாசகன்,
செம்மலை.

பின்குறிப்பு: உறையை ஒட்டின பிறகு குன்றக்குடியிலிருந்து தபால் வந்தது. ஒட்டினதைப் பிரித்து இதை எழுதுகிறேன். ஆண்டியப்பன் எழுதியிருப்பது வருமாறு: ‘பெண் பார்க்க வந்தோம். பூவைப் பார்த்தோம், பத்திரிகை கேட்டோம். பெண்ணைத் தாங்கள் காட்டவில்லை. தங்களுக்குக் கொடுக்க மனமில்லையோ என்று என் சம்சாரம் மிகவும் சங்கடப்படுகிறாள். மனமிருந்தால் புதன்கிழமை மறுபடி வருகிறோம்.’

எங்கள் பக்கத்தில் பெண்ணின் தகப்பன் வாய் திறந்து கூப்பிட்டால்தான் பெண் வெளியே வரும். வந்தவர்களாகக் கேட்பது மரியாதையில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடி, அன்றைக்கு நான் கூப்பிடவில்லையா என்று அக்கம்மாளைக் கேட்டேன். பன்னிரண்டு நாளைக்குப் பிறகு வாயைத் திறந்தாள். “எங்க கூப்பிட்டீக? ரெண்டு தரமும் புள்ளை சேலையைக் கட்டிக்கிட்டுக் கதவுக்குப் பின்னால நின்னுச்சு. நான் சாடை காட்டினேன், செருமினேன், கதவைத் தட்டினேன். நீங்க பக்கத்தைப் புரட்டிக்கிட்டு இருந்தீக” என்றாள். ஆகவே மேற்கண்ட கேள்விக்குப் பதில் தேவையில்லை. இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தால், “அனுப்புங்க. இன்னும் எத்தனை அப்பன்மாரு இப்படி இருக்காகளோ, அவுகளும் படிக்கட்டும்” என்று அக்கம்மாள் பிடிவாதமாகச் சொல்கிறாள்.

நாகவல்லி அங்கேதான் நின்றாள். நீயாவது ஒரு சத்தம் கொடுத்திருக்கக் கூடாதா அம்மா என்று கேட்டேன்.

“நீங்க படிச்சு முடிக்கட்டும்னுதான் நின்னேன், அப்பா” என்றாள்.