பதிமுகம் மாஷும் இரண்டு கைக்குட்டைகளும்

தண்ணீர் குடிப்பதற்கு விசில் ஊதிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். எழுபதுகளில் அவர் எங்கள் மட்டாஞ்சேரிப் பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார். அந்த ஊரில் வாத்தியார்கள் எல்லோரும் ‘மாஷ்’. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் எதுவோ, நாங்கள் வைத்த பெயர் ‘பதிமுகம் மாஷ்’.

பதிமுகம் என்பது ஒரு மரச் சீவல். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் தண்ணீர் இளஞ்சிவப்பாகிவிடும். கேரளத்து வீடுகளில் தாகத்துக்கு அதுதான்; தண்ணீரை அங்கே ‘வெள்ளம்’ என்பார்கள். மாஷ் பாலக்காட்டுத் தமிழர், கல்யாணம் ஆகாதவர், மிளகு மூட்டைக் கிடங்கு ஒன்றின் மாடியறையில் தனியாக இருந்தார். தினமும் அங்கே ஊருக்கே விருந்து வைப்பதுபோல் பதிமுக வெள்ளம் காய்ச்சி, மூட்டை ஏற்றும் கைவண்டியில் அண்டாவை வைத்து, பச்சைக் குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு வருவார்.

அவருடைய ஜென்ம விரோதி, பள்ளி வாசலுக்கு எதிரே இருந்த சர்பத் கடை. நாங்கள் ‘இக்கா’ என்று கூப்பிட்ட கடைக்கார அண்ணன் ஐஸ் போட்டுத் தரும் சிவப்பு சர்பத்துக்காக நாங்கள் சோற்றைப் பாதியில் போட்டுவிட்டு ஓடுவோம். மாஷ் கேட்டை மறித்துக்கொண்டு நிற்பார்.

“எடா, அது என்ன வெள்ளமா? சாயமாக்கும்! கொடலெல்லாம் செவந்துபோகும், கேட்டியா? இங்க வந்து இதைக் குடி!”

குடிப்பதும் சும்மா இல்லை. மாமரத்தடியில் வரிசை. ஒரு விசிலுக்கு டம்ளரைத் தூக்க வேண்டும், அடுத்ததற்கு அண்ணாந்து பார்க்க வேண்டும், அதற்கடுத்ததற்கு வாயில் ஊற்ற வேண்டும். பாதிப் பேருக்கு மூக்கில் போகும். உதடு பட்டால் தொலைந்தோம். “எச்சில்! கிரவுண்டை ஒரு சுத்து ஓடு!”

பிறகு எங்களோடு உட்கார்ந்து தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே பேசுவார். பேச்சென்றால் அப்படியொரு பேச்சு. “உங்காத்துல இன்னிக்கு என்னடி கூட்டான்?” என்பதில் ஆரம்பித்து, துறைமுகத்துக்கு வந்த கப்பல்வரை போகும். சாயங்காலம் மாடியேறினால் மறுநாள் காலைவரை அவரோடு பேச அங்கே மிளகு மூட்டைகள் மட்டும்தானே?

இப்படிப் போய்க்கொண்டிருந்தவருக்கு, சர்பத்தின் வண்டவாளத்தை ஊரறியச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. பள்ளிக்கூடம் முழுவதையும் மைதானத்தில் நிறுத்தினார். வெள்ளைக் கைக்குட்டையை சர்பத்தில் முக்கி எடுத்தார். ரத்தக் களறி! “இதுதான் உங்க வயிறு!” என்று கர்ஜித்தார்.

வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்: “மாஷே, நம்ம வெள்ளத்துலயும் முக்கிப் பாக்கலாமே?”

மாஷ் பெருந்தன்மையாக இன்னொரு கைக்குட்டையை அண்டாவில் முக்கினார். அதுவும் சிவந்தது. “ஒண்ணும் பேடிக்க வேண்டாம், சோப்பு போட்டா இது பறந்துபோகும்” என்று இரண்டையும் எங்கள் எதிரிலேயே துவைத்தார். சர்பத் கைக்குட்டை மல்லிகைப்பூவாக வெளுத்துவிட்டது. பதிமுகத்துக்கோ சோப்பு பட்டால்தான் குஷி. கைக்குட்டை முன்னைவிடப் பத்து மடங்கு சிவந்தது. அந்தக் காலத்தில் துணிக்குச் சாயம் போட்டதே அந்த மரத்தால்தானாம். பாவம், காய்ச்சத் தெரிந்த மனிதருக்குத் துவைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் மாமரத்தடியில் ஈ காக்கை இல்லை. நாங்கள் எல்லோரும் சர்பத் கடையில் இருந்தோம். அங்கிருந்து பார்த்தால் மாஷ் தெரிந்தார். நிறைந்த அண்டாவின் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார், பிறகு மூடி வைத்துவிட்டார். விசிலை மட்டும் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். நான் சர்பத் கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டேன்.

இக்காவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். “பாவம் மாஷ். கூட இருந்து உண்ண ஒராளு இல்லல்லோ” என்றார். எங்களை வெளியே தள்ளிக் கடைப் பலகையைச் சாத்தினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவைத் தாண்டினார்.

“மாஷே, ஒரு கிளாஸ் வெள்ளம் தா. சர்பத் கலக்கிக் கலக்கி எனக்குத் தொண்டை வறண்டு போச்சு.”

மாஷ் நிமிர்ந்து பார்த்தார். “வரிசைல நில்லு.”

இக்கா ஒற்றை ஆளாக வரிசையில் நின்றார். விசில் ஒலித்தது. தூக்கினார், அண்ணாந்தார், ஊற்றினார். தாடியெல்லாம் வெள்ளம். போதாததற்கு டம்ளர் உதட்டில் முட்டியது.

“எச்சில்! கிரவுண்டை ஒரு சுத்து!”

இக்கா ஓடினார்! தொந்தி குலுங்க, வேட்டியைப் பிடித்துக்கொண்டு, சத்தியமாக ஓடினார். சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகி, நாங்கள் எப்போது வரிசையில் போய் நின்றோம் என்று எங்களுக்கே தெரியவில்லை. மாஷுக்கு விசில் ஊத வரவில்லை.

அன்றிலிருந்து மாஷின் அண்டா காலியாகும்வரை மத்தியானத்தில் இக்கா கடைப் பலகையைத் திறந்ததில்லை.

இப்போது சென்னையில் மத்தியானச் சாப்பாடு எனக்கும் தனியாகத்தான். பதிமுகம் போட்டுத்தான் தண்ணீர் காய்ச்சுகிறேன்; ஒருத்திக்கு வேண்டியதைவிட எப்போதும் கூடுதலாகவே காய்ச்சிவிடுகிறேன். மாஷுக்கு எதற்கு அவ்வளவு பெரிய அண்டா என்பது இப்போது புரிகிறது. டம்ளரைத் தூக்கி அண்ணாந்தபின், விசிலுக்காகக் கொஞ்சம் காத்திருந்துவிட்டுத்தான் குடிக்கிறேன்.