கட்டம் காத்த சுவர்

திருத்தணியில் சாமி படம் ஒட்டாமல் ஒரு சந்துச் சுவரைச் சுத்தமாக வைத்துக் காட்டிய ஒரே மனிதன் கட்டம்தான். அந்தச் சுவரைக் கெடுத்து, பழியையும் அவன் மேலேயே போட்டவன் நான். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், பொய் சொல்லமாட்டார் என்று ஊரில் எனக்குப் பெயர். அந்தப் பெயர்தான் அவனைக் கவிழ்த்தது.

கட்டம் என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. சென்னையில் ஓவியம் படித்துவிட்டு ஊர் திரும்பியவன், கட்டம் கட்டமாகத்தான் வரைந்தான். ஆள் கிடையாது, மரம் கிடையாது, மாடு கிடையாது. வண்ணம் உண்டு, கட்டம் உண்டு, அவ்வளவுதான். டில்லியில் அவன் படங்களைக் கண்காட்சி வைத்தார்கள். மூக்குக்கண்ணாடிக்காரர்கள் கை கட்டி நின்று பார்த்தார்களாம். எங்கள் ஊரில் கை கட்ட யாரும் தயாராக இல்லை.

“இது எதோட படம்பா?”

“எதோட படமும் இல்ல நைனா. இதுவே படம்.”

எல்லோரும் அவனுக்கு நைனாதான், தாசில்தார் உட்பட. என்னை மட்டும் சார் என்பான்.

பேருந்து நிலையத்து டீக்கடைக்காரர் தன் ஷட்டரில் மயில் வரையச் சொன்னார். மறுநாள் வந்து பார்த்தால் ஷட்டர் முழுக்க நீலமும் பச்சையுமாகக் கட்டங்கள்.

“டேய், மயிலு எங்கடா?”

“எந்த ஷட்டர பார்த்தாலும் மயிலுதான் நைனா. அப்புறம் உன் கடைய எவன் கண்டுபிடிப்பான்?”

டீக்கடைக்காரர் கரண்டியோடு துரத்தினார். ஆனால் கொஞ்ச நாளிலேயே கண்டக்டர்கள் “கட்டக்கடையாண்ட எறங்குறவங்கல்லாம் முன்ன வாங்க” என்று குரல் கொடுக்க ஆரம்பித்ததும் கரண்டி கீழே இறங்கியது.

அந்தக் கடையில் டீ குடித்த பொதட்டூர்பேட்டை நெசவாளர் ஒருவர், ஷட்டரை மனதில் வாங்கிக்கொண்டு போய் லுங்கியில் போட்டுவிட்டார். லுங்கி பிய்த்துக்கொண்டு போனது. தன் படைப்பை ஒரு தாலுகாவே இடுப்பில் கட்டிக்கொண்டு திரியும் பாக்கியம் வேறெந்த ஓவியனுக்கு வாய்த்தது? கட்டத்துக்கு அதில் பெருமை இல்லை. அந்த லுங்கி கட்டிப் பஸ்ஸுக்கு நின்ற ஒருவரை மறித்து, சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

“இந்தப் பச்சை இங்க வரக்கூடாது நைனா. தப்பா போட்டுக்கீறாங்க.”

“யோவ், தூரப் போய்யா! நட்டநடு பஸ் ஸ்டாண்டுல லுங்கிய புட்சி பார்க்குறான்!”

என் வீட்டுப் பக்கச் சுவர், பேருந்து நிலையத்திலிருந்து மலைப்படிக்குப் போகும் சந்தில் இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கும் ஆண்களுக்கு அந்தச் சுவர்தான் முதல் தரிசனம். மூக்கைப் பொத்தாமல் என் வீட்டில் யாரும் சாப்பிட்டதில்லை. சாமி டைல்ஸ் ஒட்டுங்கள், ஒரு பயல் நிற்கமாட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். கட்டம் குறுக்கே வந்தான்.

“சாமிய வாட்ச்மேன் வேலைக்கு வெக்காத சார். அவருக்கு மலை மேல ஆயிரம் வேலை கீது. செவுர எனக்குக் குடு. வெறும் கலர வெச்சே நிறுத்திக் காட்டறேன்.”

மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு வரைந்தான். மண் நிறம், கருநீலம், நடுவில் எரிகிற மாதிரி ஒரு மஞ்சள். அதன் பிறகு அவசரமாக வருகிறவன் நிற்பான். தலையை இடப்பக்கம் சாய்ப்பான், வலப்பக்கம் சாய்ப்பான். ஏதோ தப்பான இடத்துக்கு வந்துவிட்டவன் போல நகர்ந்துவிடுவான். எதிர்ச் சுவருக்குச் சொந்தக்காரரான அரிசி மண்டிக்காரர் என்னிடம் சண்டைக்கே வந்தார்.

“உங்க செவுத்துல நிக்க வேண்டியவன்லாம் என் செவுத்துக்கு வந்துகினு கீறான் சார்! இது நியாயமா?”

கட்டத்திடம் அவரும் சுவர் கொடுத்தார். இன்னும் சிலர் கொடுத்தார்கள். ஊருக்குள் அவன் நடையே மாறிப்போனது.

அந்த ஆடிக் கிருத்திகைக்கு என் மகளின் மாமனார் வீட்டார் வந்திருந்தார்கள். “வயசான காலத்துல உங்க செவுத்துல யாரு கிறுக்கினது சம்பந்தி?” என்று கேட்டுச் சிரித்தார்கள். கட்டம் அப்போது டில்லியில் இருந்தான். நான் கொத்தனாரைக் கூப்பிட்டேன். சிமெண்ட் பிடிக்க வேண்டுமென்று அவர் கட்டங்களைக் கொத்தினார். முருகன், பிள்ளையார், பக்கத்தில் மசூதி, மாதா என்று வழக்கமான வரிசையில் டைல்ஸ் ஏறியது. நடு மஞ்சள் இருந்த இடத்தில் முருகன்.

கட்டம் திரும்பி வந்தான். சம்பந்தி சிரித்ததற்காகச் செய்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. “உன் படம் நிக்கல கட்டம். கிருத்திகைக் கூட்டத்துல அசிங்கம் பண்ணிட்டானுங்க” என்றேன்.

அவன் குனிந்து சுவரை முகர்ந்து பார்த்தான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை முகர்ந்தான். பிறகு என்னைப் பார்த்து “ஆங்” என்றான். போய்விட்டான்.

சார் சொன்னால் ஊர் நம்பும். கொடுத்த சுவர்களையெல்லாம் வாங்கிக்கொண்டார்கள். மண்டிக்காரர் டைல்ஸ் ஒட்டினார். டீக்கடை ஷட்டரில் மயில் ஏறியது. “என்னா நைனா, உன் கலரு நனைஞ்சி போச்சாமே?” என்று வழியில் போகிற வருகிறவனெல்லாம் கேட்டான். கட்டம் நேராகக் கே.ஜி.கண்டிகைக்குப் போய், ஒயின் ஷாப்புக்குப் பின்னால் இருந்த சுவரைக் கேட்டு வாங்கினான். அந்த வட்டாரத்திலேயே அதைவிட மோசமான சுவர் கிடையாது.

அதில் வரைந்து முடித்துவிட்டான் என்று கேள்விப்பட்டு, நான் ஆட்டோ பிடித்துப் போய் ஒளிந்து நின்று பார்த்தேன். நிறை போதையில் ஒருவர் தள்ளாடி வந்தார். லுங்கியைத் தூக்கினார். சுவரை அண்ணாந்து பார்த்தார். “சாரி நைனா” என்று சுவரிடமே சொல்லிவிட்டு, லுங்கியை இறக்கி, முள்ளுச்செடிப் பக்கம் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது.

மறுநாள் டீக்கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: “என் வீட்டுச் சுவரில் யாரும் நிற்கவில்லை. நான் பொய் சொன்னேன்.”

“சார் பொய் சொல்லிக்கீறாருடோய்!” என்று ஒரே சந்தோஷம். அதற்கு மேல் யாருக்கும் கவலை இல்லை. டைல்ஸைப் பெயர்க்கக் கொத்தனாரைக் கூப்பிட்டேன். “ஒட்டுறதுக்குக் கூப்பிடுங்க சார், வரேன். சாமி மேல உளி வெக்க மாட்டேன்” என்று சட்டி, கரண்டியோடு போய்விட்டார். முருகனுக்குத் தினமும் யாரோ பூ வைக்கிறார்கள். எனக்கும் தைரியம் இல்லை.

கட்டத்தைத் தேடிப் போனேன். என் வீட்டு முகப்புச் சுவரைத் தருகிறேன் என்றேன்.

“மொகப்புல எவன் வந்து நிக்கப்போறான்? வேலை இல்லாத செவுரு எனக்கு எதுக்கு சார்?”

“அப்படின்னா நான் என்னதான் செய்யறது?”

“சாமி இருக்கட்டும். கீழ எடம் கீது இல்ல? நடந்தத உன் கையாலயே எழுது. பேரும் போடு.”

எழுதினேன். பகலில், சந்தில் ஆள் நடமாட்டம் இருக்கும்போதே, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து: “இந்தச் சுவர் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே சுத்தமாக இருந்தது. காத்தவை கட்டங்கள். கெடுத்தவன் நான்.” கீழே என் பெயர், தலைமை ஆசிரியர் (ஓய்வு). மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பக்தர்கள் நின்று படித்தார்கள். ஒரு அம்மா, வேண்டுதல் போலிருக்கிறது என்று என் பெயருக்கும் கற்பூரம் காட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் கட்டம் வந்தான். வாய்க்குள்ளேயே படித்தான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை.

“எழுத்தெல்லாம் எறங்கிகினே போவுது சார். இத்தன வருசம் போர்டுல என்னாத்த எழுதன?”

தூரிகையை என் கையிலிருந்து பிடுங்கி, ஒவ்வொரு எழுத்தாக நிமிர்த்த ஆரம்பித்தான். என் பெயர் வந்ததும் இன்னும் நிதானமானான். நான் பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை கடுத்தது. கீழே வைக்க மனம் வரவில்லை.