தங்கப்பழம் எடுத்த திருகாணி

அந்த ஆவணி மாதம் சங்கரன்கோவிலில் பேருந்தை விட்டு இறங்கியவர்கள் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. அழுகிற பிள்ளைகளின் பின்னால் போனால் போதும்; தங்கப்பழம் அண்ணாச்சியின் தகரக் கொட்டகை வந்துவிடும்.

கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஒரே பைக்கில் நான்கு பேராக வந்தார்கள். ராயகிரியிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். பிள்ளைக்கு வாந்தியா, பேதியா, படிப்பு ஏறவில்லையா? எல்லாம் தொக்கம். அதாவது, தின்றது எதுவோ செரிக்காமல் குடலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அண்ணாச்சி பிள்ளையின் வயிற்றில் பித்தளைக் குழலை வைத்து, மறுமுனையில் வாய் வைத்து உறிஞ்சுவார். ஒட்டியிருந்தது சதையையும் தோலையும் தாண்டி, ஒரு சொட்டு ரத்தமில்லாமல், அவர் வாய் வழியாகத் தட்டில் விழும். ஆஸ்பத்திரிக்காரர்கள் இன்னும் கத்தியோடு ஏன் மல்லுக்கட்டுகிறார்களோ!

வாசலில் அவருடைய மைத்துனர் ஆறுமுகச்சாமி சீட்டு எழுதுவார். பிள்ளை பெயர், ஊர், கடைசியாகத் தின்றது என்ன. முதலில் சீட்டு திரைக்குப் பின்னால் போகும். பிறகு அண்ணாச்சி வெளியே வருவார். முறுக்கு என்று எழுதியவருக்கு முறுக்குத் துண்டு வரும். கடலை என்றால் கடலை. "எப்படிச் சரியா எடுக்காரு பாத்தியளா!" என்று, சீட்டில் சொல்லிவிட்டு வந்த தாயே வாயைப் பிளப்பாள்.

டெபோரா வாயைப் பிளக்கவில்லை. அவள் வாய் சாதாரணமாகவே அதிகம் திறக்காது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. நுண்ணோக்கியோடு பேசிப் பேசி மனிதர்களோடு பேச்சு குறைந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் காவியாவோடும் அவள் புருஷன் பேச்சிராஜோடும் வரிசையில் நின்றாள். காவியாவின் தோளில் மூன்று வயது தன்ஷிகா துவண்டு கிடந்தாள்.

போன வாரம் பிள்ளைக்கு ரத்தபேதி. அண்ணாச்சி ஒரு தொக்கம் எடுத்து, உள்ளே இன்னொன்று இருக்கிறது என்றார். நான்காம் நாள் பேதி நின்றது. தானாக நிற்கிற பேதி என்று யார் சொல்லி யார் கேட்பது? ஆனால் நேற்றுக் காலையிலிருந்து பிள்ளை ஒன்றுக்குப் போகவில்லை. முகம் வீங்கி, உதடு வெளுத்துவிட்டது. இன்று டாக்டர் எழுதிக் கொடுத்த சோதனையை டெபோராதான் செய்தாள். சிவப்பணுக்கள் உடைந்த அப்பளம் போலக் கிடந்தன. சிறுநீரகச் சோதனையின் எண்ணை நம்பாமல் இரண்டாம் முறையும் பார்த்தாள். அதே எண்.

"குடல்ல வந்த கிருமியோட நஞ்சு கிட்னியைத் தாக்கியிருக்கு. இப்பவே திருநெல்வேலிக்குக் கிளம்புங்க" என்றார் டாக்டர்.

கிளம்பிய ஆட்டோ இங்கே நின்றது.

"அண்ணே, நேரமில்ல" என்றாள் டெபோரா.

"ரெண்டாவது தொக்கத்தையும் எடுத்துட்டுப் போயிருவோம். பேதிய நிப்பாட்டுனது அவருதான?" என்றான் பேச்சிராஜ். சீட்டு எண் நாற்பத்தொன்று. உள்ளே ஓடிக்கொண்டிருந்தது ஒன்பது.

டெபோரா வரிசையைப் பார்த்தாள். தன்ஷிகாவின் காலைப் பார்த்தாள். கொலுசின் திருகாணியைக் கழற்றிக் கைக்குள் வைத்துக்கொண்டு ஆறுமுகச்சாமியிடம் போனாள்.

"பிள்ளை கொலுசுல ஒரு திருகாணி இல்ல."

"என்னது? சத்தமாச் சொல்லு தாயி."

"கொலுசுல திருகாணி இல்ல."

"ஐயோ, முழுங்கிட்டாளா!"

டெபோரா தலையைக் குனிந்துகொண்டாள். கூச்சக்காரியின் மௌனத்தை அவர் ஆமாம் என்று எழுதிக்கொண்டார். முறுக்கும் கடலையும் காத்திருக்கலாம். உலோகத்துக்கு வரிசை கிடையாது. கூட்டம் பார்த்து வாயைப் பிளக்க வேண்டாமா? சீட்டு உடனே திரைக்குப் பின்னால் போனது.

அண்ணாச்சி குழலை வைத்தார். கன்னம் ஒடுங்க உறிஞ்சினார். 'ணங்'கென்று தட்டில் ஒரு வெள்ளித் திருகாணி விழுந்தது. பெண்கள் குலவையிட்டார்கள்.

"இதான் மூத்திரத்த அடைச்சிருந்தது. இனி ஆஸ்பத்திரிக்குப் போகாண்டாம். வீட்டுக்குக் கொண்டு போங்க மக்கா."

பேச்சிராஜ் கைகூப்பிவிட்டான். டெபோரா தட்டிலிருந்த திருகாணியை எடுத்துக் கொலுசில் வைத்துத் திருகினாள். ஏறவில்லை. தடிமன். பிறகு தன் கையை விரித்து, அதிலிருந்ததை வைத்தாள். மூன்றே சுற்றில் ஏறி உட்கார்ந்தது.

"இதுதான் இவ திருகாணி. வரிசையில நிக்கும்போது நாந்தான் கழட்டுனேன்."

வாழ்க்கையில் முதல் முறையாக அவள் சொன்னது வரிசையின் கடைசி ஆள் வரை கேட்டது.

"அது... வேற பிள்ளையோடதா இருக்கும்" என்றார் தங்கப்பழம்.

"வேற பிள்ளை திருகாணி என் மக வயித்துக்குள்ள எப்படிவே போச்சு?" பேச்சிராஜ் திரையைப் பிடித்து இழுத்தான்.

பின்னால் ஒரு அஞ்சறைப்பெட்டி. ஓர் அறையில் முறுக்கு, ஒன்றில் கடலை, ஒன்றில் கோழி எலும்பு. நடுக்கிண்ணத்தில் பித்தான், ஊக்கு, திருகாணி.

"ஏ பாவி! என் பேரனுக்குக் கோழி எலும்புல்லா எடுத்த! நாங்க கறியே திங்க மாட்டோமே!" என்று ஒரு ராயகிரிக்காரி கத்தினாள்.

"அன்னைக்கே கேட்டிருக்கலாம்லா?" என்றான் பக்கத்தில் நின்றவன்.

"சாமிக் காரியம்னு கேக்கலவே."

அவர்கள் சண்டை முடிவதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது. திருநெல்வேலியில் தன்ஷிகாவின் ரத்தத்தை இயந்திரம் சுத்தம் செய்தது. பதினோராம் நாள் நர்ஸ் ஒரு குவளையில் கால் டம்ளர் சிறுநீரைக் காட்டினார். பேச்சிராஜ் ஊரில் அத்தனை பேருக்கும் போன் போட்டு, மகள் ஒன்றுக்குப் போன சேதியைச் சொன்னான். இன்னும் பல மாதம் சோதனைக்கு வர வேண்டும் என்றார்கள். ஒரு நாள் பிந்தியிருந்தால் என்னவென்று காவியா கேட்டாள். டாக்டர் அடுத்த சோதனைக்குத் தேதி குறித்துக் கொடுத்தார்.

தங்கப்பழம் இப்போது வேறு ஊரில் குழலோடு உட்கார்ந்திருக்கலாம். உங்கள் ஊராகவும் இருக்கலாம். ரத்தபேதி வந்த பிள்ளை ஒன்றுக்குப் போகவில்லையென்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். யாராவது வழிமறித்து, பிள்ளை வாய்க்குள் என்ன போனதென்று கேட்டால், முதலில் அவர் வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.